காணி வாங்கப் புகும் இளைஞருக்கு

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மன்றத்திலே புராணமும் புண்ணிய சரிதமும் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயலாளர் எம்மிடம் வந்து, "காணி பூமி வாங்குவதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும்" என்று கேட்டபொழுது, சமய மேடையிலே விலைக் கணக்குப் பேசுவது பொருந்துமா என்று சற்றே தயங்கினோம். உறுதிக் கட்டோடு எம்மிடம் வரும் இளைஞர்களுள் பெரும்பாலார் வாங்கி முடித்த பின்னரே வருகிறார்கள் என்பதை நினைத்தவுடன் அத்தயக்கம் நீங்கிற்று. முற்பணம் கொடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வியைப் பணம் முழுவதும் கொடுத்தபின் கேட்டால், விடை சொல்வோனுக்கும் வேதனை, கேட்போனுக்கும் வேதனை. ஆகவே இன்று அக்கேள்விகளைப் பற்றியே பேசுவோம்.

மானிப்பாயார்க்குக் காணியிலுள்ள பற்று இன்று நேற்று வந்ததன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்தவர்கள், மிச்சம் பிடித்த காசை ஊருக்கு அனுப்பிக் கல்வீடு கட்டினார்கள், தோட்டக்காணி வாங்கினார்கள். அக்காலத்தில் வாங்குவோர் விற்போரை அறிவார். விற்போரின் பாட்டனாரையும் அறிவார். வேலிக்கு அப்பால் இருப்பவர் யாரென்பதும் தெரியும். அறியாத காணியை அறியாத ஆளிடம் அறியாத தரகர் மூலம் வாங்கும் வழக்கம் பிற்காலத்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தோரும் உண்டு, வராதோரும் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்து ஏ-9 பாதை திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. வெளிநாட்டுக் காசும் வந்தது. காணி விலை ஏறியது. அதனோடு கள்ள உறுதியும் வந்தது.

நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இக்காணி எதற்கு என்பது. குடியிருக்க வாங்குகிறோமா, பயிர் செய்யவா, விலை ஏறியபின் விற்கவா? குடியிருக்க வாங்குவோன் விலை சிறிது கூடினாலும் பொறுத்துக்கொள்ளலாம். அவன் அந்நிலத்திலே வாழப்போகிறான். விற்க வாங்குவோன் அப்படியன்று. கடன்பட்டு வாங்கினானாயின் கணக்கு இன்னும் கடுமையானது. ஆண்டுக்கு 15 வீத வட்டியில், வட்டிக்கு வட்டியாக ஏறும் கடன், ஐந்து ஆண்டில் இரட்டிப்பாகும். அப்படியாயின் அக்காணியின் விலையும் ஐந்து ஆண்டில் இரட்டிப்பானாற்றான் போட்ட பணம் மட்டில் மிஞ்சும். இலாபம் என்று ஒரு சதமும் இல்லை. முத்திரைச் செலவு, நொத்தாரிசு கூலி, தரகு, மதில் எல்லாம் கைநட்டமே. 2022 ஏப்ரிலில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 வீதத்தால் உயர்த்தியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மாறும் வட்டியிற் கடன்பட்டுக் காணி வாங்கியவர் அவ்வாண்டில் எப்படித் தவித்திருப்பார் என்று எண்ணிப்பாருங்கள். காணியை ஒரே நாளில் விற்றுக் கடனடைக்க முடியாது. வங்கியிலிட்ட பணத்தை நாளைக்கே எடுக்கலாம். மண்ணிலிட்ட பணத்தை எடுக்க வாங்குவோன் ஒருவன் வரவேண்டும். அவசரத்துக்கு விற்பவனிடம் வருகிறவன் நல்ல விலையோடு வருவதில்லை. ஆகையால், ஆறு மாதச் சீவியத்துக்கு வேண்டியதை வேறாக வைத்துவிட்டு மிஞ்சியதைக் கொண்டே காணிப் பேச்சைத் தொடங்குங்கள்.

இனி உரிமையைப் பற்றிப் பேசுவோம். இங்கேதான் நாம் சிறிது நேரம் தங்கவேண்டும்.

வட மாகாணத்துத் தமிழர்க்குத் தேசவழமை என்று ஒரு சட்டம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் நம் முன்னோரின் வழக்கங்களைக் கேட்டுத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்த்துச் சரியென்றார்கள். அதிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனம் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணாதீர்கள். 1911இன் சட்டமும் 1947இன் திருத்தமும் சிலவற்றை மாற்றினவேயன்றி அடிப்படையை அகற்றவில்லை. நீங்கள் வாங்கப்போகும் வளவு இம்மூன்றனுள் எவ்வகை என்பது உங்கள் பணத்தின் உயிர்நிலை.

ஓர் அம்மையார் தமது சீதனக் காணியை விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உறுதி அவர் பெயரில், காணி அவருடையதே. எனினும் தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தமது அசையா ஆதனத்தைக் கணவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்க முடியாது. இந்நியாயம் இக்காலத்துக்கு ஏற்றதா என்பது வேறு விவாதம். அதனைப் பற்றி எமக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆனால் சட்டம் இருக்கும்வரை, கணவர் கனடாவில் இருந்தாலும் அவருடைய கையொப்பம் வந்தாகவேண்டும். திருமணத்தின் பின் உழைத்து விலைக்கு வாங்கிய காணியாயின் அது தேடியதேட்டம். கணவர் மனைவியருள் ஒருவர் இறந்தால் பாதி மற்றவர்க்கும் மறுபாதி இறந்தவரின் வாரிசுகளுக்கும் இறங்கும். எனவே, உறுதியிலே ஒருவர் பெயர் மாத்திரம் இருப்பதைக் கண்டு ஏமாறவேண்டாம். கலியாணம் எப்போது, காணி வாங்கியது எப்போது என்று இரண்டு திகதிகளையும் கேளுங்கள். இருவரும் உயிரோடிருந்தால் இருவரையும் உறுதியில் ஒப்பமிடச் செய்யுங்கள்.

பங்குக் காணி என்பது நம்மூரின் தீராத வியாதி. எட்டுப் பரப்பு வளவு ஒன்று. பாட்டனாரும் பாட்டியாரும் காலமாகி, அது ஐந்து பிள்ளைகளுக்குச் சமபங்காக இறங்கியது. அவர்களுள் ஒருவருடைய பங்கு அவருடைய நான்கு பிள்ளைகளுக்கு இறங்கியது. அந்நால்வருள் ஒருவர் உங்களிடம் வந்து, "என் பங்கை மலிவாகத் தருகிறேன்" என்கிறார். அவருக்குள்ளது இருபதில் ஒன்று. எட்டுப் பரப்பு 80 பேர்ச். இருபதில் ஒன்று 4 பேர்ச். அந்த 4 பேர்ச் வடக்கு வேலியோரமா, கிணற்றடியா, ஒழுங்கை வாசலா என்று கேட்டால் ஒருவராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. பிரியாத பங்கு வளவு முழுவதிலும் பரந்து கிடக்கிறது. வீடு கட்ட முடியாது; வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். பங்காளிகள் மனமொத்து நில அளவையாளரைக் கொண்டு பிரித்து, பிரிவினை உறுதி எழுதினால் நல்லது. இல்லையேல் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி வழக்காடவேண்டும். பங்காளிகளுள் ஒருவர் லண்டனில், ஒருவர் சிட்னியில், ஒருவர் இருக்குமிடமே தெரியாது என்றால், வழக்கு எத்தனை தவணைக்கு நீளும் என்பதை நீதிமன்ற வாசலில் நின்றவரைக் கேளுங்கள்.

இன்னுமொன்று. பிரியாத பங்கை வெளியாருக்கு விற்குமுன், உடன்பங்காளிகளுக்கும், விற்பவர் மரணசாதனமின்றி இறந்தால் வாரிசாக வரக்கூடியோருக்கும் அதனை முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஐசாக்ஸ் தொகுத்த பழைய வழக்கில் அயற்காணிக்காரருள் அக்காணியை ஈடு பிடித்திருந்தோருக்கும் அவ்வுரிமை இருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதனைச் சுருக்கிப் பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் மாத்திரம் வைத்தது. முறைப்படி அறிவித்தல் கொடாமல் விற்றால், அவர்கள் நீதிமன்றம் சென்று அக்காணியைத் தமக்கே தரும்படி கேட்கலாம். "அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்று விற்பவர் கூறுவார். அவர்கள் ஒன்றும் சொல்லாதிருப்பதை எழுத்தில் வாங்கித் தரும்படி நாம் கேட்கவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு கெட்ட வழக்கத்தைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனமில்லை. முத்திரை வரியைக் குறைக்க, கொடுத்த விலையிற் பாதியை உறுதியில் எழுதுவது. முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், எஞ்சியதற்கு 4 வீதம்; பத்து இலட்சம் ரூபாய்க் காணிக்கு 39,000 ரூபாய். இதில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கப்போய், பின்னர் விற்பனையிற் பிணக்கு வந்து விலையைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், உறுதியில் எழுதிய தொகையே நமக்கு எதிரான சாட்சியாக நிற்கும். 2018 ஏப்ரில் முதலாந் திகதி தொடக்கம் மூலதன ஆதாய வரியும் மீண்டும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இன்று குறைத்து எழுதி வாங்கியவர், நாளை நியாய விலைக்கு விற்கும்பொழுது, கிடையாத இலாபத்துக்கு வரி கட்டவேண்டி வரும். பொய் எழுதுவது பாவம் என்று இம்மேடையில் வேறு பேச்சாளர் சொல்லட்டும். நட்டம் என்பதை யாம் சொல்கிறோம்.

முற்பணத்துக்கு வருவோம். நம்மிளைஞர் அதிகம் ஏமாறும் இடம் இதுவே. நல்ல காணி, இன்னொருவர் கேட்டு நிற்கிறார், இன்றே ஐந்து இலட்சம் கொடுத்தால் உங்களுக்கு என்று தரகர் அவசரப்படுத்துவார். கொப்பித் தாளிலே முத்திரை ஒட்டி ஒரு பற்றுச்சீட்டு எழுதிக் கையில் தருவார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, காணி விற்பனை மாத்திரமன்று, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். கொப்பித் தாளைக் கொண்டு, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம். காணியைத் தா என்று கேட்க முடியாது. முற்பணம் கொடுப்பதாயின் நொத்தாரிசிடம் விற்பனை உடன்படிக்கை எழுதி, அதனைப் பதிந்து, வங்கிக் காசோலையாகக் கொடுங்கள். இதற்கு ஒரு நாள் பொறுக்கமாட்டேன் என்கிற விற்பனையாளர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணுவதில் தவறில்லை.

உறுதியைப் பார்ப்பது எப்படி? விற்பவர் காட்டும் உறுதியோடு நிற்கவேண்டாம். அதிலே காணி அவருக்கு எவ்வாறு வந்தது என்று எழுதியிருக்கும். அந்த முன்னுறுதியைக் கேளுங்கள். அதற்கு முன்னையதையும் கேளுங்கள். குறைந்தது முப்பது ஆண்டுக்காவது தொடர்பு அறாமல் வரவேண்டும். பிறகு யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில், உறுதியிற் கண்ட தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் கொடுத்துப் பதிவேட்டைப் பார்க்கவேண்டும். அங்கே ஈடு, ஒற்றி, சீவிய உரித்து, நீதிமன்றத் தடை எல்லாம் பதிந்திருக்கும். மகனுக்கு நன்கொடை எழுதிய தாயார், தமக்குச் சீவிய உரித்து வைத்திருப்பார். மகன் விற்றாலும், தாயார் உள்ள வரையும் அவ்வீட்டில் நமக்கு இடமில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலம் வாங்கியவரிடமும், இரண்டாம் பிரதி பதிவாளரிடமும், முதற்படி நொத்தாரிசின் கட்டிலும் இருக்கும். விற்பவர் நிழற்பிரதி மாத்திரம் காட்டி, மூலம் இடப்பெயர்விலே தொலைந்தது என்றால், அது உண்மையாகவும் இருக்கலாம். எத்தனை குடும்பங்கள் உறுதிப் பெட்டியை இழந்தன என்பதை நாமறிவோம். ஆனால் உண்மையா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவகத்துப் பிரதி இருக்கிறது. அதன் அத்தாட்சிப் பிரதி எடுத்தே ஆகவேண்டும். சோலைவரிச் சீட்டையும் கிராம அலுவலரின் கடிதத்தையும் காட்டி, இதுவே போதும் என்பார்கள். அவை குடியிருப்பைக் காட்டலாம், உரிமையைக் காட்டா.

வெளிநாட்டிலிருப்பவரின் காணியை அற்றோர்ணித் தத்துவத்தைக் கொண்டு விற்பதே மோசடிக்கு அகலத் திறந்த கதவு. தத்துவம் கொடுத்தவர் இறந்தவுடன் தத்துவமும் இறந்துபோகும். ஆகவே, கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதையும், விற்கும்படி அவர் சொன்னாரா என்பதையும், முகம் தெரியும்படி தொலைபேசியில் அவரோடு நேரே பேசி அறியுங்கள். தொலைபேசி எண்ணைத் தத்துவக்காரரிடம் வாங்காமல், ஊரிலுள்ள உறவினரிடம் வாங்குங்கள். மறுபக்கமும் உண்டு. அந்நியப் பிரசையாகிவிட்ட நம்மவர் இங்கே காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது; இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்க்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாகவோ நன்கொடையாகவோ பெறுவோர்க்கும் விலக்கு உண்டு. "அண்ணன் காசில் என் பெயரில் வாங்கி வைக்கிறேன்" என்று தம்பிமார் செய்யும் ஏற்பாடு, இருவரும் நல்லவராய் இருந்தாலும், அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் வழக்காக முளைப்பதற்கு இடமுண்டு.

காணியில் யார் இருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். பத்து ஆண்டு, தடையின்றி, உரிமைக்காரனுக்கு எதிராக ஆண்டு அனுபவித்தால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி அனுபவித்தவனுக்கே உரித்தாகலாம். அனுமதி பெற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது எளிதில் வாய்க்காது. பங்காளி மற்றப் பங்காளிக்கு எதிராக அவ்வாறு கேட்பதும் கடினம் என்று 1911இலேயே பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. 1983 மே தொடங்கி 2009 மே வரையுள்ள யுத்த காலத்தில் வழக்காட இயலாதிருந்தோருக்காக 2016இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. இவை எந்தக் காணிக்கு எப்படிப் பொருந்தும் என்பது வழக்கறிஞர் பார்க்கவேண்டிய காரியம். வாடகைக்கு இருப்பவரை எழுப்புவதும் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தால் சுலபமன்று. ஆளில்லாத வெறுங்காணி என்று தரகர் சொல்வதை, காலைப் பொழுது ஒருமுறையும் மாலைப் பொழுது ஒருமுறையும் போய்ப் பார்த்தே நம்பவேண்டும்.

அளவைப் பற்றி. நமது உறுதிகளிலே பரப்பு என்பது இரண்டு விதம். வரகுக் கணக்கிற் பரப்பு ஒன்று 18 குளி, 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்கணக்கிற் பரப்பு ஒன்று 12 குளி மாத்திரம். 24 பரப்பு ஓர் ஏக்கர். வயலை நெற்கணக்கில் ஆறு பரப்பு என்று எழுதியிருக்க, வரகுக் கணக்கில் ஆறு பரப்பு என்று எண்ணி விலை பேசினால், 60 பேர்ச்சுக்குப் பணம் கொடுத்து 40 பேர்ச் வாங்கியவராவோம். பழைய உறுதியில் நாலெல்லையும் ஆட்களின் பெயரால் இருக்கும்; அவ்வாட்கள் எல்லோரும் மறைந்திருப்பார்கள். ஆகவே, புதிதாக அளந்த படம் இல்லாமல் வாங்கவே வேண்டாம். அளக்கும் நாளில் அயலவரை அழையுங்கள். வேலிக் கதியால் எத்தனையோ மழைக்காலத்தில் ஒரு முழம் நகர்ந்திருக்கும். அதை அளவைக் கல் நாட்டுமுன் பேசித் தீர்ப்பது நன்று. ஒழுங்கை உறுதியில் உண்டா, இல்லை இதுவரை அயலவர் பெருந்தன்மையால் நடந்துவந்த பாதையா என்றும் பாருங்கள். பிரதேச சபையிலே வீதிக்கோடு எங்கே செல்கிறது என்று கேளுங்கள். வீதியை அகலிக்கும்பொழுது முன்மதில் போவது சில்லறைக் காரியமன்று.

தண்ணீர் இல்லாத காணி காணியன்று. நமது நிலம் சுண்ணாம்புக் கல். மழைநீர் அதன் பொந்துகளில் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது, அதனோடு நாம் போடும் உரமும் மலக்குழியின் கசிவும் வரும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்ட செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுங்கள், செலவு சிறிது. பங்குக் கிணறாயின் நமக்கு எத்தனை பங்கு, இறைப்பு முறை எந்நாள், வாய்க்கால் யாருடைய காணியூடு வருகிறது என்பவையெல்லாம் உறுதியில் இருக்கவேண்டும். நாலைந்து பேர்ச்சாகத் துண்டாடி விற்கும் காணிகளில், நம் கிணறும் அயலவரின் மலக்குழியும் அருகருகே வந்துவிடும். அத்துண்டாடலுக்குப் பிரதேச சபையின் அங்கீகாரம் உண்டா என்று முதலிற் கேளுங்கள். மற்றொன்று, தரகர்கள் காணி காட்டுவது பெரும்பாலும் பங்குனி சித்திரையில். யாம் சொல்வது, கார்த்திகையிற் போய்ப் பாருங்கள். கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கமாக அராலிக் கடலை நோக்கி ஓடும் வழுக்கையாறு, ஆண்டின் பெரும்பகுதி காய்ந்த வாய்க்கால் போலக் கிடக்கும். 2008 நவம்பரிலே நிஷா புயல் மழையின்போது தாழ்நிலத்தில் இருந்தவர்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

வயலை மலிவாக வாங்கி மண் கொட்டி வீட்டு நிலமாக்கலாம் என்று எண்ணுவோர், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி வயலை நிரப்புவதைத் தடுக்கிறது என்று அறிக. குத்தகைக்குச் செய்யும் கமக்காரனுக்கும் அச்சட்டத்தில் உரிமை உண்டு. வன்னியில் ஏக்கர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுவோர், அது உறுதிக் காணியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்று பாருங்கள். பின்னையது விற்பவன் கையில் விற்கும் அதிகாரம் இல்லாதது. கோயிலுக்கோ மடத்துக்கோ தருமசாதனம் செய்த காணியை அதன் காரியகாரர் விற்க வந்தால், விலை எவ்வளவு நயமாயிருந்தாலும் அப்பேச்சையே எடுக்கவேண்டாம். அதற்குக் காரணம் சட்டத்திலும் உண்டு. இம்மேடையில் அதனை விரிக்கவேண்டியதில்லை.

உறுதி எழுதிய அன்றே பாதி வேலைதான் முடிகிறது. நொத்தாரிசு தமது இரண்டாம் பிரதியைப் பதிவாளருக்கு அனுப்புவது வேறு. நமது உறுதியைப் பதிவேட்டில் பதிவது வேறு. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றால், பணம் கொடுத்து, வஞ்சகமின்றி வாங்கி, முந்திப் பதிந்தவருக்கே முதன்மை, முந்தி எழுதியவருக்கன்று. ஆகவே பதிந்து வந்த உறுதியைக் கையில் வாங்கும்வரை நொத்தாரிசின் கந்தோருக்கு நடந்துகொண்டே இருங்கள். பிறகு சோலைவரியைப் பெயர் மாற்றுங்கள். வேலியை அடைத்து, வளவைத் துப்புரவாக்கி, மாதம் ஒருமுறையாவது போய் நில்லுங்கள். கொழும்பில் உத்தியோகம் என்றால் தாய் தந்தையரைப் போகச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் ஓர் இளைஞன் தனியே செய்வது சிரமம். சங்கத்தின் வாசிகசாலையிலே ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நாலு மணிக்கு யாம் இருப்போம். நில அளவைப் பகுதியில் இருந்து இளைப்பாறிய ஓர் அன்பரும் வர இசைந்திருக்கிறார். வாங்க எண்ணியிருக்கும் காணியின் உறுதிப் பிரதியும், முன்னுறுதியும், படமும் கொண்டு வாருங்கள். முற்பணம் கொடுக்குமுன் வாருங்கள்.